பசலி 1433

கோத்தகிரி சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் பாதி என்னுடையது.
ஒரு கணினி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
மஞ்சள் பல்புக்கடியில் காயும் என் ஸ்வெட்டர்.
ஜூன் மூடுபனி கல்லாப்பெட்டி வரை வரும்.
பலகையில் 'இங்கு பத்திரம் எழுதப்படும்' என்றிருக்கிறது.
அழுவதும் இங்கேதான் என்று எழுதவில்லை.

இன்று போஜனும் கெங்கியும் வந்தார்கள்.
அண்ணன், தங்கை. அறுபத்தேழு சென்ட் கேரட் நிலம்,
நான்கு அடுக்கு, கீழே ஓடை,
இரண்டாம் அடுக்கின் வரப்பில் ஒரு பிளம்ஸ் மரம்.
'ஓடைப்பக்கம் எனக்குன்னு சொல்லுங்க அவருகிட்ட.'
'மோட்டார் என் காசுன்னு சொல்லுங்க.'
இரண்டு முழ தூரத்துக்கு
நான் தபால்.

சொத்து தபசில் என்று தட்டினேன்,
விரல் நின்றுவிட்டது.

அரபிக் கல்லூரியில் மூன்று வருடம்
சொற்களின் சதையை விலக்கி எலும்பு எண்ணிய விரல்.
ஃபா, ஸாத், லாம்.
மூன்றே எழுத்து. பொருள்: பிரி.
கப்பலில் ஏறி, கணக்குப்பிள்ளைகள் மடியில் அமர்ந்து,
கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்காமல்
இந்த மலைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.
பிரித்துப் பிரித்துச் சொன்னால் தபசில்.
வழக்கைப் பிரித்து முடித்தால் பைசல்.
வருடத்தில் பிரித்தெடுத்த அறுவடைக்காலம்
தாலுகா ஆபீசில் பசலி ஆயிற்று.
நகரத்தை விட்டுப் பிரிந்து கிடப்பவை மொபசல்,
கெங்கி தொங்கிக்கொண்டு வந்த பஸ் உட்பட.

பசலை வேறு. அதன் வேர் இங்கேயே உள்ளது,
பிரிந்தவள் தோளில் பீர்க்கம்பூ நிறமாய்ப் படர்வது.
இரண்டுக்கும் உறவில்லை, எனக்குத் தெரியும்.
தெரிந்தும் ஒவ்வொரு ஜூனிலும்
பசலி எண் எழுதும்போது
எதிரே இருப்பவர் தோளை ஒருமுறை பார்க்கிறேன்.

ஃபிஸால் என்றொரு சொல் மலையேறவில்லை.
தாயையும் பிள்ளையையும் பிரிப்பது.
தமிழில் பால்மறப்பு.
மறப்பது யார் என்று இரண்டு மொழியும் சொல்லவில்லை.
முழுதாய் இரண்டு வருடம் என்பது கணக்கு;
லுபைனாவுக்கு இன்னும் ஆறு வாரம் பாக்கி.
ஐந்து நாளாய்க் கற்றாழை தடவுகிறேன்.
முதல் நாள் முகம் சுளித்தாள்.
நேற்று கசப்போடு சேர்த்தே குடித்தாள்.
இப்போது, வடக்கெல்லை சொல்லச் சொல்ல,
ரவிக்கை நனைகிறது.
பாதி காய்ந்த ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டேன்.
'குளிரா?' என்றாள் கெங்கி.
பதில் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

நின்றுகொண்டே இருந்தாள். வலது முழங்காலில் கை.
போஜன் எழுந்தான்.
ஜெராக்ஸ் மிஷின் அருகே போய்
ஒரு பக்கம் எவ்வளவு என்று கேட்டான்.
சுவரிலேயே எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவன்தான்.
காலி நாற்காலியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு
கெங்கி உட்கார்ந்தாள்.

மூட்டுக்கும் அதே வேர்தான். மஃப்ஸில்.
எலும்பு விட்டுப்போகும் இடம்.
விட்டுப்போயிருப்பதால்தான் மடங்குகிறது.

'மரம்?' என்றேன்.
மிஷின் ஒளி ஒருமுறை போய் வந்தது.
'அதை எழுதாதீங்க' என்றாள்.
'இருக்கட்டும்' என்றான், தாளைப் பார்த்தபடி.
முதல்முறையாக யாரும் என்னைத் தபாலாக்கவில்லை.
எழுதாத மரம் என்ன செய்யும் என்று நான் அறிவேன்:
பத்து வருடம் காய்க்கும்,
பதினோராம் வருடம் கோர்ட்டில் நிற்கும்.
சொல்லிப் பார்த்தேன். இருவரும் காது கேளாதவர்கள்.

இரண்டு பெயருக்கும் நடுவே காற்புள்ளி வைத்தேன்.

எழுத்துக்கூலி எண்ணூறு.
போஜன் மேசையில் வைத்தான்.
கெங்கியும் வைத்தாள்.
ஒரு பங்கைத் திருப்பித் தரலாம் என்று தலைநிமிர்ந்தபோது
இருவரும் பனிக்குள் போயிருந்தார்கள்,
ஒரே திசையில்தான், ஆளுக்கொரு ஓரமாக.

ஐந்தே முக்கால் பஸ்.
கற்றாழை இன்னும் ஒரு மடல் இருக்கிறது.
ஆவின் பாக்கெட் மறக்காமல் வாங்க வேண்டும்.